கேரட் உடையாத பெட்டி

சிங்கப்பெருமாள் கோவில்
13 மார்ச் 2025

மாமா,

ஸ்தோத்திரம். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜென்சி சொன்னாள்.

உங்கள் மகள் போட்ட சட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் போனில் உங்கள் எண்ணையும், உங்கள் போனில் என் எண்ணையும் அவளே பிளாக் செய்துவிட்டாள். "ரெண்டு பேரும் ஸ்பீக்கர்ல கத்துறீங்க, குழந்தை முழிச்சிக்கிட்டு அழுவுது. இனிமே எழுதிக்கோங்க. எழுதினா சத்தம் வராது" என்கிறாள். ராஜகீழ்ப்பாக்கம் வரும்போதெல்லாம் குழந்தை ஏஞ்சலுடைய டயபர் பையில் கடிதத்தை வைத்துக் கொண்டுவருவாளாம். ஒரு மின்சார ரயில் தூரத்துக்குக் கடிதப் போக்குவரத்து. சரி, நடக்கட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஏஞ்சலின் முதல் பிறந்தநாளுக்கு நீங்கள் செய்த பொம்மைப் பெட்டி பார்க்க நன்றாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அதுதான் பிரச்சினை ஆகிவிட்டது. கையை எடுத்தால் மூடி தொப்பென்று விழுகிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கார் ஜன்னல் கண்ணாடி மேலே ஏறும்போது நடுவில் ஒரு விரல் இருந்தால் கண்ணாடி நின்று இறங்குகிறதா என்று பார்க்கிறவன் நான். விரலுக்குப் பதில் ரப்பர் குச்சி வைப்போம். உங்கள் சமையலறையில் ரப்பர் குச்சி இல்லை. கேரட் இருந்தது. வைத்தேன். இரண்டாகப் போயிற்று. அதற்கு நான் பொறுப்பில்லை, பெட்டிதான் பொறுப்பு.

பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது இருக்கிற நிலையில் வேண்டாம் என்றேன். நீங்கள் அதற்குள் அத்தையிடம் "எடுத்து உள்ளே வை, மெட்டில்டா" என்று கத்திவிட்டீர்கள்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். மூடி மெதுவாக இறங்க இரண்டு டேம்பர். எண்ணெய் அடைத்த சின்னக் குழல், மூடியைப் பிடித்துக்கொண்டே இறக்கும். அதையும் வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். பக்கப் பலகையில் காற்றுப் போக ஓட்டைகள். இதை மட்டும் செய்துவிட்டால் பெட்டி எங்கள் வீட்டுக்கு வரலாம்.

ஜேசன்


ராஜகீழ்ப்பாக்கம்
17 மார்ச் 2025

அன்புள்ள மாப்பிள்ளை ஜேசன் அவர்களுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துக்கள். நானும் மெட்டில்டாவும் சுகம். மனைவி சொல்லித்தான் ஸ்தோத்திரம் எழுதினேன் என்பதையும் மாமனாருக்கு எழுதிய மாப்பிள்ளை இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்.

கேரட் விஷயம். அன்று என் வீட்டில் பாஸ்டர் ஏசுபாதம் இருந்தார். உங்கள் அப்பா அம்மா இருந்தார்கள். சபையில் பாதிப் பேர் இருந்தார்கள். குழந்தை கேக் வெட்டுவதற்கு முன்னால் என் பெட்டியைக் கேரட் வெட்ட வைத்துவிட்டீர்கள். எதிர்வீட்டு ரத்தினபாய் அக்கா அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும், "இன்னா சார், நாளைக்குப் பொரியலுக்குக் கொஞ்சம் அரிஞ்சி தர்றீங்களா?" என்கிறார்.

நான் பி.டி. மாஸ்டர். சர்வீஸ் முழுக்க விசில் ஊதினவன். என் ஸ்கூல் பிள்ளைகள் ஏழு பேர் மாவட்டக் கபடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இதே தெரு வாசலில் நின்று கை தட்டியது. அந்தத் தெருவில் இன்றைக்குக் கேரட் பேச்சு.

தச்சு வேலை எனக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். முதலில் செய்த முக்காலி இன்னும் ஆடுகிறது. ஆனால் இந்தப் பெட்டியை நான் இழைத்து, உப்புத்தாள் போட்டு, என் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். உங்கள் படத்தில் அந்தப் பலகையில் ஒரே நேர்கோட்டில் பத்து ஓட்டை. எதற்கு? எலி கடித்தது மாதிரி இருக்கும். பெட்டி என்றால் மூடி இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அதற்குப் பெயர் கூடை.

டேம்பர் போடுகிறேன். ஓட்டை போட மாட்டேன். விசில் ஊதியாயிற்று.

இப்படிக்கு,
சத்தியநாதன்


சிங்கப்பெருமாள் கோவில்
22 மார்ச் 2025

மாமா,

ஸ்தோத்திரம். இந்த முறை நானாக எழுதினேன்.

ஏஞ்சல் இப்போது எதைப் பார்த்தாலும் உள்ளே ஏறுகிறாள். துணிக்கூடைக்குள் உட்காருகிறாள். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறாள். நாளைக்கு உங்கள் பெட்டியில் இருக்கிற பொம்மையை எல்லாம் வெளியே எறிந்துவிட்டு உள்ளே இறங்குவாள். மூடி மேலே சாயும். நீங்கள் அவ்வளவு அழகாக இழைத்துப் பொருத்தியிருக்கிறீர்கள், இடுக்கில் தாள் கூட நுழையாது. காற்றும் நுழையாது.

அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. வேலை நேரத்தில் இப்படிப்பட்டதை யோசிக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன். என் பிள்ளையை வைத்து யோசிக்க முடியவில்லை.

ஓட்டை ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழைகிற அளவு இருக்க வேண்டும். சின்னதாகப் போட்டால் விரல் மாட்டும். நேர்கோடு பிடிக்கவில்லை என்றால் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு அழகு வேண்டாம், காற்று வேண்டும்.

ஓட்டை இல்லாத பெட்டி என் வாசல் தாண்டாது. இது என் விசில்.

ஜேசன்


ராஜகீழ்ப்பாக்கம்
6 ஏப்ரல் 2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வாழ்த்துக்கள். உங்கள் டேம்பர் இரண்டையும் படத்தில் காட்டிய இடத்திலேயே பொருத்தினேன். மெட்டில்டாவைக் கேரட் வாங்கி வரச் சொன்னேன். "பொரியலுக்கா?" என்றாள். "பரிசோதனைக்கு" என்றேன். வைத்தேன். கையை எடுத்தேன். கேரட் போயிற்று. டேம்பரைத் திருகி இறுக்கி இன்னொன்று வைத்தேன். அதுவும் போயிற்று. அன்று மதியம் எங்கள் வீட்டில் கேரட் பொரியல்தான்.

இன்ஜினியர் சார், என்ன எடைக்குக் கணக்குப் போட்டீர்கள்? படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ப்ளைவுட் என்று எழுதியிருக்கிறீர்களே, என் பெட்டி ப்ளைவுட் என்று உங்களுக்கு யார் சொன்னது? தேக்கு நிறம் தெரிந்ததும் மேலே ஒட்டிய தாள் என்று நினைத்துவிட்டீர்களா? என்ன மரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அது கட்டில்.

உங்கள் கல்யாணத்துக்கு நான் செய்வித்த தேக்குக் கட்டில். "வேண்டாம் மாமா, எடுத்துட்டுப் போக முடியாது" என்று ஒரே வரியில் முடித்தீர்களே, அதே கட்டில். சீர் வாங்காத மாப்பிள்ளை என்று எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். நானும் வெளியே அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது சீர் இல்லை. பெண்ணுக்கு அப்பன் ஆசையாகக் கொடுப்பது. நடு அறையில் போர்வை போர்த்திக் கிடந்தது. ஒருவரும் அதில் படுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம், "பொண்ணுக்குப் பண்ணதாச்சே, ஏன் இன்னும் இங்கேயே கெடக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்கள்.

ஏஞ்சல் பிறந்த பிறகு ரம்பத்தை எடுத்தேன். கட்டிலாக ஏற முடியாத வீட்டுக்குப் பெட்டியாக ஏறட்டும் என்று நினைத்தேன். என் பேத்தி வளருகிற வீட்டில் என் கைபட்ட பொருள் ஒன்று இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. அதையும் கேரட் வைத்துத் திருப்பிவிட்டீர்கள்.

டேம்பரைத் திருப்பி அனுப்புகிறேன்.

சத்தியநாதன்


சிங்கப்பெருமாள் கோவில்
8 ஏப்ரல் 2025

மாமா,

ஸ்தோத்திரம்.

டேம்பர் தோற்றது என் கணக்கின் தப்பு. மூடி கனமாகத்தான் இருந்தது. பொருட்படுத்தவில்லை. முழுத் தேக்கில் இன்றைக்கு யார் பொம்மைப் பெட்டி செய்கிறார்கள்? மூடியைக் கழற்றி எடை போட்டு எழுதி அனுப்புங்கள். கை மதிப்பு வேண்டாம், தராசில் வைத்து.

கட்டில் விஷயம். எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. படி திரும்புகிற இடத்தை டேப் வைத்து அளந்தேன். உங்கள் கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஒரே துண்டு. நிமிர்த்தினாலும் திரும்பாது, சாய்த்தாலும் திரும்பாது. தெர்மகோலில் அதே அளவு வெட்டி ஏற்றியும் பார்த்தேன். வீட்டு ஓனர் மாடியில் நின்று, "இன்னா தம்பி, கிறிஸ்துமஸ் குடிலா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்று சொன்னேன்.

மாமா, நான் முடியாது என்று சொன்னால் அதற்கு முடியாது என்பது மட்டும்தான் அர்த்தம். பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லிவிடுவேன். அது உங்களுக்கே தெரியும்.

தெர்மகோல் கதை உங்களுக்குத் தெரியாது என்று ஜென்சி இப்போதுதான் சொல்கிறாள். "அதை ஏன் அப்பாகிட்ட சொல்லல?" என்று கேட்கிறாள். யாரும் கேட்கவில்லை.

எடையை அனுப்புங்கள். ஓட்டையையும் மறக்க வேண்டாம்.

ஜேசன்


ராஜகீழ்ப்பாக்கம்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உயிர்த்தெழுந்த பண்டிகை வாழ்த்துக்கள். தெர்மகோல் கட்டில் கதையை மெட்டில்டா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவது முறை ரத்தினபாய் அக்காவை உட்கார வைத்துப் படித்தோம். இனிமேல் கட்டில் ஏன் இங்கே கிடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மூடியைச் சம்பந்தம் மளிகைக் கடையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் வைத்து நிறுத்தேன். "ஏன் சார், வூட்டுக் கதவைக் கயட்டிக்கினு வந்துட்டீங்க?" என்றார் சம்பந்தம். எடையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அவர் கையெழுத்தும் போட்டிருக்கிறார். கை மதிப்பு என்று நாளைக்குச் சொல்லக்கூடாது பாருங்கள்.

ஒரு சந்தேகம். மூடியின் மேல் குழந்தை பெயரைச் செதுக்கி வெள்ளை வர்ணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் படத்தில் அதற்கு இடம் இல்லை. படத்தில் இல்லாததைச் செய்தால் இன்னொரு காய்கறி வந்து இறங்குமோ என்று பயந்து கேட்கிறேன். பெயருக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை வரும். அதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்பதாக இல்லை.

ஓட்டையைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சு வேண்டாம். பண்டிகை நாள்.

சத்தியநாதன்


சிங்கப்பெருமாள் கோவில்
27 ஏப்ரல் 2025

மாமா,

ஸ்தோத்திரம். சம்பந்தம் கடை எடைக்கு ஏற்ற டேம்பர் வாங்கி அனுப்புகிறேன். இந்த முறை லேபில் அதே எடைக்கு ஓர் இரும்புத் தகட்டை மாட்டி நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். பிடித்தது.

பெயர் போடுங்கள். ஆனால் பெயர் மட்டும் போதாது. உங்கள் சபையிலேயே ஏஞ்சல் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். எந்த ஏஞ்சலுடையது என்று பொருளைப் பார்த்தாலே தெரிய வேண்டும். கீழே அவள் தேதியையும் செதுக்கிவிடுங்கள், 9.3.2024 என்று. எங்கள் கம்பெனியில் பெயரும் தேதியும் இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகாது. எழுத்து பெரிதாக, தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி இருக்கட்டும். குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லாத வர்ணமா என்று கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர்ப் பிரச்சினையால் மே மாதம் கொஞ்ச நாள் ஜென்சியும் ஏஞ்சலும் அங்கே வந்து இருப்பார்கள். அதற்குள் முடித்துவிட்டால் ஏஞ்சலை உட்கார வைத்து உயரம் சரியா என்று பார்க்கலாம்.

பண்டிகை முடிந்துவிட்டது. ஓட்டை?

ஜேசன்


ராஜகீழ்ப்பாக்கம்
16 மே 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாழ்த்துக்கள். புதன்கிழமை நடந்தது என்ன என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதுகிறேன்.

பெயர் செதுக்கி மறுபடி பாலிஷுக்குக் கொடுத்திருந்த பெட்டியைச் சேலையூர் கடையிலிருந்து எடுத்துவரக் கதிரேசனின் குட்டியானை லோடு வண்டியை அழைத்திருந்தேன். பாலிஷில் தூசி ஒட்டக்கூடாது என்று வெள்ளைப் பெட்ஷீட் சுற்றினோம். "முன்னாடி வந்து குந்து சார்" என்றான் கதிரேசன். பெட்டி ஆடுமே என்று நான் பின்னாலேயே ஏறி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எப்போதும் போல வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். வெயிலில் கண் கூசியதால் தலை குனிந்திருந்தது. காற்றில் பெட்ஷீட் விலகி, மூடி பளிச்சென்று வெளியே தெரிந்தது. மேலே சிலுவை, நடுவில் ஏஞ்சல், கீழே தேதி. தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி. நீங்கள் கேட்டபடி.

வழியில் டீக்கடை ஆட்கள் எழுந்து நின்றார்கள். பைக்கில் வந்த ஒருவர் வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கழற்றினார். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் டிராஃபிக் போலீஸ்காரர் நாலு பக்கத்தையும் நிறுத்திவிட்டு, எங்களை மட்டும் போகவிட்டு, கும்பிட்டார். "இன்னா சார், இன்னிக்கு ரோடே நம்ம அப்பன் வூட்டு ரோடு மாதிரி கீது!" என்று கதிரேசன் கத்தினான். மாப்பிள்ளை, ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லோரும் பாலிஷைப் பார்த்துத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நல்ல வேலை செய்தால் ஊர் தானாக எழுந்து நிற்கும் என்று நினைத்து, கும்பிட்டவர்களுக்கெல்லாம் நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

ரத்தினபாய் அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். ஒரு போட்டோ எடுத்து, நம் சத்தியநாதன் சார் பேத்தி ஏஞ்சல் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள் என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

பெட்டியை இறக்கி நடு அறையில் வைத்தோம். ஏஞ்சல் அதைப் பார்த்த அடுத்த நிமிஷம் உள்ளே இறங்கிவிட்டாள், நீங்கள் எழுதியிருந்த மாதிரியே. அதற்குள் வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுப் பத்ரிநாராயணன் மாலையோடு நின்றார். பாஸ்டர் ஏசுபாதம் பாட்டுப் புத்தகத்தோடு வந்து மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தை எங்கேம்மா?" என்றார். அவள் ஒன்றும் புரியாமல், "பெட்டிக்குள்ளதான் பாஸ்டர் இருக்கா. எவ்ளோ கூப்பிட்டாலும் வெளிய வர மாட்டேங்குறா" என்றாள். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தினபாய் அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். ஏஞ்சல் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து நின்று அவரைப் பார்த்து, "ப்பா!" என்றாள். அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பத்ரிநாராயணன் அதை என் கழுத்தில் போட்டுவிட்டார்.

கூட்டம் கலைவதற்குள் நீங்கள் வந்தீர்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, சட்டை முழுக்க வியர்வை. யாரையும் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி ஜென்சியிடம் கொடுத்தீர்கள். நேராகச் சமையலறைக்குப் போனீர்கள். கேரட் எடுத்து வந்தீர்கள்.

அத்தனை பேர் முன்னால் மறுபடியும். விளிம்பில் கேரட்டை வைத்தீர்கள். மூடியை விட்டீர்கள். அது இறங்கியது மாப்பிள்ளை, சாயங்கால நிழல் மாதிரி இறங்கியது. கேரட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. சாவுக்கு வந்த கூட்டம் கை தட்டியது.

நீங்கள் கேரட்டை ஏஞ்சல் கையில் கொடுத்தீர்கள். பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் ஓட்டையாக விரலை விட்டுப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து ஷிஃப்டுக்குப் போய்விட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜென்சியின் தடை இருப்பதால் பேசவில்லையா? இல்லை, இன்னும் ஏதாவது குறை இருக்கிறதா? தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் வண்டியில் ஜென்சியோடு பெட்டியும் வருகிறது. வாசல் தாண்டுமா தாண்டாதா என்று எழுதுங்கள்.

சத்தியநாதன்


சிங்கப்பெருமாள் கோவில்
20 மே 2025

மாமா,

ஸ்தோத்திரம்.

பேசாததற்குத் தடை காரணம் இல்லை. பேசியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அழுதிருப்பேன்.

லேபுக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். சாப்பிட வெளியே வந்தபோது ஆல்வின், உங்கள் சபைதான், என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், சாரிடா" என்றான். அவன் போனில் அந்தப் படம். ஏஞ்சல், அவள் தேதி, ஒரு சிலுவை. அந்தத் தேதியைப் போடச் சொன்னவன் நான். அது நினைவுக்கு வரவில்லை. ஜென்சி போன் பிஸி. அத்தை போன் பிஸி. உங்களுக்கு அடிக்கலாம் என்றால் பிளாக். நான் பிளாக்கை எடுத்தாலும் உங்கள் போனில் என் எண் பிளாக்கில் இருக்கிறது. ஆல்வினையே உங்களுக்கு அடிக்கச் சொல்லியிருக்கலாம். அது கூடத் தோன்றவில்லை. ஓடிப்போய் ரயில் ஏறினேன்.

காட்டாங்குளத்தூரில் காலேஜ் கூட்டம் ஏறியது. ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க உக்காருங்க" என்று எழுந்துகொண்டாள். உட்கார்ந்தேன். ஆல்வின் அனுப்பிய படத்தை ஏன் மறுபடி திறந்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்தான். ஏதாவது உடைந்துவிட்டால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. பெரிதாக்கினேன். பெட்ஷீட் விலகிய இடத்தில் பக்கப் பலகை தெரிந்தது. அதில் ஓட்டைகள்.

சவப்பெட்டிக்கு யாரும் காற்று ஓட்டை போட மாட்டார்கள்.

ஏழு ஓட்டைகள். பத்து இல்லை, நேர்கோடும் இல்லை. ஆறு அரைவட்டமாக, ஒன்று மட்டும் தனியாக முன்னால். கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிறவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பலகையில் கபடி டீமை நிறுத்துகிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கூடவே அழுதிருக்கிறேன். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம்டி" என்றது காதில் விழுந்தது. அப்படியும் ஏஞ்சலைக் கண்ணால் பார்க்கும் வரை நான் ஓடுவதை நிறுத்தவில்லை. பார்த்த பிறகு செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. அதனால்தான் கேரட்.

குறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு ஓட்டையின் பரப்பைக் கணக்குப் போட்டேன். நீங்கள் பெரிதாகப் போட்டதால் என் பத்து ஓட்டையைவிடக் காற்று அதிகமாகவே போகும். ஓட்டையின் விளிம்பை எல்லாம் வழவழப்பாகத் தேய்த்திருக்கிறீர்கள். அது என் படத்தில் இல்லை, நான் சேர்த்திருக்க வேண்டும். குறை இல்லை.

பெட்டியைக் கதிரேசன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து ஏற்றினோம். திருப்பத்தில் திரும்பியது. சுவரில் ஓர் உரசல் இல்லை. வாசலும் தாண்டியது. எங்கள் லேபில் தேறிய பொருளுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். கம்பெனி ஸ்டிக்கரை எடுக்க முடியாது. கடையில் பச்சைத் தாள் வாங்கி வெட்டினேன். செய்தவர் சத்தியநாதன், சோதித்தவர் ஜேசன் என்று எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறேன். அடியில் ஒட்டினாலும் வருகிறவர்களைக் குனியச் சொல்லிக் காட்டிவிடுகிறேன்.

வீட்டு ஓனர் வந்தார், கேரட் வைத்துக் காட்டினேன். ஆல்வின் குடும்பத்தோடு வந்தான், காட்டினேன். "எங்க மாமனார் கையால செஞ்சது, முழுத் தேக்கு" என்று நான் சொல்வதை ஜென்சி உள்ளேயிருந்து என் குரலிலேயே சொல்லிக் கிண்டல் செய்கிறாள். "சாம்பார்ல போட ஒரு கேரட் மிச்சம் வெக்கிறியா நீ?" என்றும் கேட்கிறாள். ஏஞ்சல் பெட்டிக்குள் இதுவரை ஒரு பொம்மையும் போடவில்லை. நீங்கள் பார்த்தீர்களே அந்தக் கேரட், அதைத்தான் போட்டு வைத்திருக்கிறாள். எடுக்கப்போனால் கத்துகிறாள்.

ஜென்சி இரண்டு போனிலும் பிளாக்கை எடுத்துவிட்டாளாம். எழுதினால் சத்தம் வராது என்று அவள் சொன்னது சரிதான் என்பதால் இதை எழுதியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அத்தையும் இங்கே சாப்பிட வாருங்கள். பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

ஜேசன்


ராஜகீழ்ப்பாக்கம்
23 மே 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். வருகிறோம். மெட்டில்டா பொரியல் செய்து எடுத்து வருகிறாளாம். என்ன பொரியல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பச்சை ஸ்டிக்கரைப் பற்றி நீங்கள் எழுதிய இடத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று மெட்டில்டாவிடம் கேட்காதீர்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எழுந்து, ஏஞ்சல் நலமாக இருக்கிறாள், அந்தப் பெட்டி பொம்மை வைக்கிற பெட்டி, அதைச் சத்தியநாதன் சார் சொந்தக் கையால் செய்தார் என்று அறிவித்தார். மறுபடியும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை எதற்கு என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் தலையாட்டினேன். ரத்தினபாய் அக்கா தன் பேரனுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். என் பேத்தியின் பெட்டிக்கு ஜோடி கிடையாது என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் கேரட் பேச்சை விட்டுவிட்டால் ஒரு முக்காலி செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலின் தலைமாட்டுப் பலகை இன்னும் அறுக்காமல் அப்படியே இருக்கிறது. உங்கள் படியில் திரும்பாத அதே பலகை. ஏஞ்சல் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு மேஜை வரும் என்று தோன்றுகிறது. நீங்கள் படம் வரைந்து தாருங்கள், நான் அறுக்கிறேன். மரம் தேக்கு என்று மூலையில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். எங்கே ஓட்டை வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

பெயரும் செதுக்குகிறேன். தேதி மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மாமா,
சத்தியநாதன்